தோழிகள் வீடுகளில் பத்து நாட்கள்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி இலண்டனில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுகிறவர்கள் பாடசாலையின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். அதற்கு எங்களைவிடத் தகுதியான அக்காமார் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். எங்களிடம் செயலாளர் கேட்டது வேறொன்று. 1996ஆம் ஆண்டு உயர்தர வகுப்பைச் சேர்ந்த நாங்கள் நால்வர், கடந்த ஆகஸ்ட் மாதம் ஒன்றாக யாழ்ப்பாணம் போய், அங்கேயே வாழும் எங்கள் வகுப்புத் தோழிகளை வீடு வீடாகப் பார்த்துவிட்டு வந்தோம். அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நால்வரில் இருவர் இங்கே, ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி சிட்னியில். இங்கே இருக்கும் இருவரும் வைத்தியர்கள். யாழ்ப்பாண மருத்துவபீடத்திலேயே படித்தவர்கள். ஆகவே அது எங்களுக்கு இரண்டு தடவை படித்த ஊர். நால்வர் சார்பிலும் பேசுவதால் "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். யார் எதைச் சொன்னது என்று பிறகு தேநீர் நேரத்தில் விசாரியுங்கள்.

எங்கள் விஞ்ஞானப் பிரிவில் 34 பேர் இருந்தோம். இன்று குடாநாட்டில் இருப்பவர்கள் 11 பேர். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் 20 பேர். இருவர் உயிரோடு இல்லை. ஒருத்தியைப் பற்றி 2009க்குப் பிறகு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. பயணத்துக்கு முன் வட்ஸ்அப்பில் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தபோதுதான், அந்த 11 பேரில் பாதிப் பேரின் பிள்ளைகளை நாங்கள் கண்ணால் கண்டதே இல்லை என்பது தெரிந்தது. திருமணத்துக்குப் போக முடியாத காலம், பிள்ளைப்பேற்றுக்குப் போக முடியாத காலம், 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட காலம், பிறகு எங்கள் வேலை, எங்கள் பிள்ளைகள் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

கொழும்பிலிருந்து ரயிலில் போனோம். 1990 ஜூனில் நின்றுபோன யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் நிலையத்துக்கு வந்தது 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி. எங்கள் மேல்வகுப்புக் காலம் முழுவதும் ரயில் இல்லாத ஊர் அது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பதுங்குகுழிக்கு மேல் அடுக்கியிருக்கத்தான் பார்த்திருக்கிறோம். நாவற்குழி தாண்டும்போது நால்வரும் கதையை நிறுத்திவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தோம்.

நல்லூர்த் திருவிழாக் காலம். வெயில் சொல்லத் தேவையில்லை. பெட்டி நிறையக் கொண்டுபோன சொக்கலேற்றில் பாதி உருகிவிட்டது. மிச்சத்தைக் கொடுத்த முதல் வீட்டிலேயே பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை மிக மரியாதையாகச் சொன்னாள்: "தாங்ஸ் அன்ரி. இதே பெட்டி கார்கில்ஸிலையும் இருக்கு."

இன்னொரு விஷயம், எங்களை நடத்தியது தோழிகளின் வசதியல்ல. பிள்ளைகளின் ரியூசன் நேர அட்டவணை. காலை ஐந்தரைக்குக் கணிதம், பாடசாலை, மூன்று மணிக்கு விஞ்ஞானம், ஆறு மணிக்கு ஆங்கிலம். கோண்டாவில் தோழி இப்போது ஆசிரியை. அவள் வீட்டுக்கு இரவு எட்டரைக்குப் போனோம். பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து இருந்து, எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நித்திரை தூங்கினார்கள். வைத்தியர்களாக இதைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஆனால் நாங்களும் ஜாம் போத்தல் விளக்கில் விடிய விடியப் படித்தவர்கள்தானே என்று தோழி வாயை அடைத்துவிட்டாள்.

தெல்லிப்பழைத் தோழியின் வீடு வேறுவிதம். 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம். வலிகாமம் வடக்கில் காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்ட பிறகு போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்ததாம். அந்தக் கிணற்றை இறைத்து, அதைச் சுற்றிப் புது வீடு கட்டியிருக்கிறாள். அவள் மகன் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு கன்றாகக் காட்டினான். இது கறுத்தக்கொழும்பான், இது விளாட், இது அம்மம்மா சாடியில் கொண்டுவந்த தேசி. மரங்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினான். அதற்கு முந்திய இருபத்தைந்து வருடம் அவர்கள் எத்தனை வாடகை வீடு மாறினார்கள் என்று கேட்டோம். அவனுக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தான். அம்மா கிணற்றைப் பார்த்தாள். அப்போது இதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரியாலைக்குப் போனது ஐந்தாம் நாள்.

அந்தத் தோழி அன்று எங்களுக்காக ஒடியற் கூழ் காய்ச்சியிருந்தாள். நண்டு, இறால், பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாம் போட்டு, பழைய முறைப்படி பிலாவிலையைக் கோலித் தந்தாள். மகனுக்குப் பதினைந்து வயது. மகளுக்குப் பதின்மூன்று, நம் பாடசாலையில்தான் படிக்கிறாள். சாப்பிட்டு முடிந்து விறாந்தையில் இருந்தபோது மகன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த நீல நிறப் புத்தகப்பையின் படம் அது. ஆகஸ்ட் 5ஆம் திகதி பிற்பகல் அங்கே கிடைத்த பொருட்களை, யாராவது அடையாளம் காண்பார்களா என்று, நீதிமன்றத்தின் உத்தரவுப்படி மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். பிள்ளைகள் இருவரும் அதை யூரியூப்பில்தான் பார்த்திருக்கிறார்கள்.

மகள் கேட்டாள்: "அன்ரி, கிருஷாந்தி அக்கா 96இல ஏ.எல். எடுத்தவதானே. அம்மாவும் நீங்களும் 96 தானே. உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

தோழி எழுந்து குசினிக்குள் போனாள். "கேட்டா இப்படித்தான் எழும்பிப் போயிடுவா" என்றான் மகன், கோபமில்லாமல்.

சபையில் இளையவர்களும் இருப்பதால் இதைச் சொல்லிவிட்டுப் போகிறோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில், மழைக்குள், செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தார்கள். ஆறு மாதம் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் கொட்டில்களில் இருந்துவிட்டு, 1996 ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலோர் திரும்பினார்கள். நாங்கள் திரும்பிவந்து புத்தகத்தைத் தேடி எடுத்துச் சில மாதங்களில் உயர்தரப் பரீட்சை. அந்தப் பரீட்சையில், செப்ரெம்பர் 7ஆம் திகதி இரசாயனவியல் எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி, கைதடிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டாள். அவளும், அவளைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்ன வாக்குமூலத்தால்தான் செம்மணிப் புதைகுழிகளைப் பற்றி உலகம் அறிந்தது.

கிருஷாந்தியை எங்களுக்கு நேரே தெரியாது. ஆனால் எங்களுக்கும் அவளுக்கும் ஒரே வினாத்தாள். பிள்ளைக்கு அதைத்தான் சொன்னோம்.

பிறகு இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டார்கள். நாங்கள் சொல்லிக்கொண்டு போனோம். மழைத் தண்ணீரைக் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக் குடித்ததைச் சொன்னோம். ஒரு அடி வைத்தால் அரை மணித்தியாலம் நிற்கவேண்டியிருந்ததைச் சொன்னோம். "நாவற்குழிப் பாலத்தில் எங்களுக்கு விடிஞ்சுது" என்று ஒருத்தி சொன்னாள்.

குசினி வாசலிலிருந்து தோழியின் குரல் வந்தது. "இல்லையடி. பாலம் கடக்கேக்கை இருட்டு. கைதடியிலதான் விடிஞ்சது. நீ அழுதுகொண்டு வந்தனி, உனக்கு எங்கை தெரியப்போகுது."

தேநீர்த் தட்டோடு வந்து எங்கள் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். பிறகு அவள்தான் சொன்னாள். நாங்கள் இடையிடையே "ஓம்", "அதுக்கு முதல்", "அந்தப் பச்சைச் சைக்கிள்" என்று எடுத்துக் கொடுத்தோம். அப்பா சைக்கிள் கரியரில் அப்பம்மாவைத் தலையணையோடு கட்டி உருட்டிக்கொண்டு போனது. தான் பௌதிகவியல் கொப்பிகளைப் பொலித்தீன் பையில் சுற்றித் தலையில் வைத்திருந்தது. கொடிகாமத்தில் ஒரு மாட்டுக் கொட்டிலில் மூன்றாம் கிழமை அப்பம்மா போய்ச் சேர்ந்தது. சுவரில் பூமாலையோடு அந்த அப்பம்மாவின் படம் தொங்குகிறது. பிள்ளைகள் தினமும் கும்பிடும் படம். "வருத்தம் வந்து செத்தவ" என்பது மட்டும்தான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

கடைசியில், நாங்கள் கேட்காமலே, அந்தச் செப்ரெம்பர் நாளைச் சொன்னாள். அரியாலை வீடு இடிந்துகிடந்ததால் பரீட்சைக் காலத்தில் அவர்கள் கைதடியில் பெரியம்மா வீட்டில் இருந்தார்கள். இரசாயனவியல் எழுதிய அன்று அவளும் அப்பாவோடு அதே பாதையால்தான் வீட்டுக்குப் போனாள். மறிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அடுத்த பாடத்துக்கும் அதே பாதையால் வந்தாள். வேறு பாதை இல்லை.

மகள் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். மகன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பம்மாவை எங்கை எரிச்சது?" என்று மட்டும் கேட்டான்.

வைத்தியர்களாக இதைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூலை மருத்துவ மாணவர்களாக நாங்கள் கையோடு கை மாற்றிப் படித்திருக்கிறோம். அனுபவித்த ஒருவரோடு அந்தக் காயம் நின்றுவிடுவதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்படுகின்றன என்பதை அவரிடமிருந்தே கற்றோம். ஆனால் பேசாமல் இருப்பதெல்லாம் நோய் என்று நாங்கள் சொல்லவரவில்லை. எங்கள் தோழி இருபது வருடமாக வங்கியில் வேலை செய்கிறாள், இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறாள், இரவில் நன்றாக நித்திரை கொள்கிறாள். அவள் பேசாமல் இருந்தது பிள்ளைகளுக்குப் பயம் வரக்கூடாது என்பதற்காக. அது 2010இல் சரியாக இருந்திருக்கலாம். இன்று பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்கிறது. எலும்பும் புத்தகப்பையும் அவர்களுக்கு நேரே வந்துவிடுகின்றன. அவற்றோடு சேர்ந்து வரவேண்டிய அம்மாவின் குரல்தான் வராமலிருக்கிறது. தனக்குத் தெரிந்த யாரும் இல்லாத ஒரு பயங்கரக் கதையாகப் பிள்ளை அதைப் பார்க்கிறது. அம்மா அந்த ரோட்டால் நடந்தாள், அம்மா அங்கே பரீட்சை எழுதினாள், சித்தியடைந்தாள், இப்போது எனக்குக் கூழ் காய்ச்சித் தருகிறாள் என்று தெரிந்த பிள்ளைக்கு அதே படம் வேறாகத் தெரியும்.

ஒரு தாய் தனியாக இருந்து இதைச் சொல்வது மிகக் கடினம். எங்கே தொடங்குவது என்று தெரியாது, தொடங்கினால் அழுகை வரும், பிள்ளை பயந்துவிடும். பக்கத்தில் ஒரே வகுப்பில் இருந்தவள் இருந்தால் கதை தானாக நடக்கிறது. பிழையாகச் சொன்னால் திருத்துவாள், நடுவில் சிரிப்பு மூட்டுவாள், தாய் நிற்கும் இடத்தில் தான் பிடித்துக்கொள்வாள். கணவராலும் இதைச் செய்ய முடிவதில்லை; அவர் வேறு பாடசாலை, வேறு கொட்டில்.

ஆனால் எல்லோரிடமும் இதைக் கேட்கலாகாது. சாவகச்சேரியில் இருக்கும் தோழி 1996இல் எங்களோடு திரும்பிவரவில்லை. குடும்பம் வன்னிக்குப் போனது. 2009 வரை அங்கேயே. அவள் வீட்டில் நாங்கள் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். மாம்பழம் வெட்டித் தந்தாள். ஆசிரியைகளைப் பற்றி, யார் தலை நரைத்தது, யார் மை பூசுகிறார்கள் என்பதைப் பற்றிக் கதைத்தோம். சுவரில் மூன்று பிள்ளைகளின் படம் இருந்தது. எங்களுக்கு வணக்கம் சொன்னவர்கள் இரண்டு பேர். நாங்கள் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது படலை வரை வந்து, "அடுத்த முறையும் வாருங்கோடி" என்று சொல்லிக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள். நாங்கள் அடுத்த முறையும் போவோம்.

ஊரை விட்டு வருமுன் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோண்டாவில் ஆசிரியை தன் வீட்டுக்கு எல்லோரையும் அழைத்தாள். அரியாலைத் தோழிதான் அவளிடம் சொல்லியிருக்கிறாள். ஏழு தோழிகள், பதினொரு பிள்ளைகள். பாய் விரித்து இருந்தோம். அம்மாமார் சொல்ல விரும்பியதை மட்டும் சொல்வது என்றும், பிள்ளைகள் போதும் என்றால் நிறுத்துவது என்றும் முதலிலேயே பேசிக்கொண்டோம். நாங்கள் பயந்ததுபோல அது ஒரு அழுகைக் கூட்டமாக இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது பொருளாதாரத் தடைக் காலம். 1990 நடுப்பகுதிக்குப் பிறகு மின்சாரமே இல்லை என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்ததையும், அந்த வெள்ளைச் சீருடையை மாடு நக்க வந்ததையும் சொன்னபோது வீடு அதிர்ந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவில் வானொலி பாடிய கதை. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். கொப்பித் தாளில் அச்சாகி வந்த 'உதயன்'. தெல்லிப்பழைப் பொடியன் டைனமோவைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டான். எத்தனை வோல்ற் என்று எங்களுக்கே தெரியவில்லை. அதற்கு நடுவில், யாரும் கேட்காமலே, அவன் அம்மா மாறிய வாடகை வீடுகளை விரல் மடித்து எண்ணினாள். பதினாறு.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் கடுமையான கேள்விகளும் கேட்டார்கள். ஏன் நீங்கள் நால்வரும் போய்விட்டீர்கள், அம்மா ஏன் போகவில்லை என்று ஒருத்தி கேட்டாள். எங்களைப் போலவே அவள் அம்மாவுக்கும் போக வழி இருந்தது. "அம்மம்மாவைப் பார்க்க ஆள் வேணுமே" என்றாள் தோழி. அந்த அம்மம்மா அறைக்குள்ளிருந்து, "நான் போகச் சொன்னனான், அவள்தான் கேட்கேல்லை" என்று கத்தினார். வழக்கு இன்னும் தீரவில்லை.

நம் கிளை ஒவ்வொரு வருடமும் பாடசாலைக்குப் பணம் அனுப்புகிறது, மண்டபம் எழும்புகிறது, நல்லது, தொடரட்டும். அதோடு இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒரு சிறு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது ஒரே வகுப்பைச் சேர்ந்த இருவர் மூவராகச் சேர்ந்து போங்கள். கோயில், கடற்கரை, ரியோ ஐஸ்கிரீம் எல்லாம் முடிய, ஒரு பின்னேரத்தைத் தோழியின் வீட்டு விறாந்தைக்கு ஒதுக்குங்கள். தோழியிடம் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். அவள் வேண்டாமென்றால் மாம்பழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேசிய பிறகு பிள்ளைக்கோ தாய்க்கோ கிழமைக்கணக்கில் நித்திரையில்லை, பயம் தெளியவில்லை என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது, சாந்திகம் இருக்கிறது, தயங்காமல் அனுப்புங்கள். பதிவுசெய்து வைக்க விரும்புகிறவர்கள் நூலக நிறுவனத்தாரோடு தொடர்புகொள்ளலாம். வாய்மொழி வரலாறுகளைச் சேர்ப்பதும் அவர்களுடைய வேலைகளில் ஒன்று. எங்கள் வகுப்பில் மூவர் சம்மதித்திருக்கிறார்கள். அரியாலைத் தோழி இன்னும் யோசிக்கிறாள், நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

டிசம்பரில் போகிறவர்கள் இன்றைக்கே செயலாளரிடம் பெயரையும் வகுப்பு ஆண்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த வகுப்பில் ஊரில் இருப்பவர்களின் பட்டியலை அதிபர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு ரியூசன் இல்லாதது ஞாயிறு பின்னேரம் மட்டும்தான். ரிக்கெற்றை அதற்கேற்றபடி போடுங்கள். சொக்கலேற் வேண்டாமாம்.